சத்தியத்தில் ரயில் இல்லை

வெள்ளை. மறுபடியும் வெறும் வெள்ளை. பெயரும் கடவுச்சொல்லும் கேட்க வேண்டிய சன்னல் இப்படிச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி நின்றால் நான் யாரிடம் போய் என் பெயரைச் சொல்வது. புதன்கிழமை வரைக்கும் ஒழுங்காக ஓடிய விளையாட்டு. வியாழக்கிழமை புதுப்பித்தார்கள். நல்லா இருந்த வீட்டை இடித்துவிட்டு வாசல் எது சன்னல் எது என்று தெரியாமல் கட்டுவதற்குப் பெயர் புதுப்பித்தல். அன்றிலிருந்து சேவையகத்தோடு இணைக்க முடியவில்லை என்று ஒரு வரி, இல்லாவிட்டால் இந்த வெள்ளை. இன்று ஞாயிறு, சாப்பாடு முடிந்தாகிவிட்டது. அம்பாசமுத்திரத்தில் அப்பாவும் இந்நேரம் கையைக் கழுவியிருப்பார், ஒரு வாய் வெற்றிலை போட்டுவிட்டுக் கட்டிலில் காலை நீட்டுவார், குறட்டை கிளம்பும், குறட்டை கிளம்பியதும் என் தம்பி ஆவுடையப்பன் மாடியில் போய்க் கணினியைத் திறப்பான், ரயிலில் ஏறி எனக்காக நிற்பான். நான் வரவில்லையென்றால்? வரப்போகும் புதன்கிழமை அவனுக்குக் கல்யாணம். அவன் தாலியில் முதல் முடிச்சைப் போட்டதும் மற்ற இரண்டு முடிச்சையும் போட வேண்டியவள் நான். கூடப்பிறந்தவள் என்று அவனுக்கு இருப்பது நான் ஒருத்திதான். எனக்குப் பத்திரிகை வரவில்லை. வா என்றும் யாரும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. போன ஞாயிறு ரயிலை நடுவழியில் நிறுத்திவிட்டு அவன் ஒரு வரி எழுதினான், ‘வர்ற ஞாயிறு கண்டிப்பா வா.’ ஆறு வருஷத்தில் அவன் எனக்கு எழுதிய முதல் வரி. அந்த வரிக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று தெரிந்துகொள்ள இன்று உள்ளே போயே ஆக வேண்டும், அவ்வளவுதான், வேறு பேச்சே இல்லை.

ரயில் என்றால் பனி பெய்கிற ஏதோ ஒரு நாட்டில், திரைக்குள்ளே ஓடுகிற நீராவி ரயில். இரண்டு பேர் சேர்ந்தால்தான் ஓடும். ஒருவர் ஓட்ட வேண்டும், ஒருவர் கரி அள்ளிப் போட வேண்டும். ஃபிரிட்ஜின் மேல்தட்டில் சுரண்டியதைத் தவிர நானும் ஆவுடையும் பனியைப் பார்த்ததில்லை. மூத்தவள் நான், ஓட்டுவது அவன், கரி அள்ளுவது நான். கேட்டால் ‘பொம்பளைக்குத்தான் அடுப்பு’ என்பான் அந்தக் காலத்தில், மண்டையில் ஒரு குட்டு வைத்தால் சிரிப்பான். இப்போது குட்ட முடியாது. அப்பா பத்திரம் எழுதுகிறவர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே அவர் நான்கு எல்லை போட்டு எழுதினால் உள்ளே எறும்பு நுழைய வழியிருக்காது என்று ஊரில் பேர். ஜெரோமைக் கட்டிக்கொள்ள நான் பையோடு தெருவில் இறங்கி நின்ற அன்று, எனக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாக, முன்னறையில் தட்டில் சூடம் கொளுத்தி அம்மாவையும் தம்பியையும் நிறுத்திச் சத்தியம் வாங்கினார். ‘அவ வாசப்படி மிதிக்கக் கூடாது. அவ மூஞ்சில முழிக்கக் கூடாது. போன்ல பேசக் கூடாது. லெட்டர் போடக் கூடாது. ஆள் விட்டுச் சொல்லி அனுப்பக் கூடாது.’ கோபத்திலும் மனுஷனுக்கு ஒரு ஷரத்து விட்டுப்போகவில்லை. அம்மா கையை வைத்து அடித்தாள், சூடம் அணைந்தது, அணைந்ததை மறுபடி கொளுத்தி ஆவுடை அடித்தான். ஆனால் ரயில் அவருக்குத் தோன்றவில்லை. கொஞ்ச நாள் கழித்து ஒரு ஞாயிறு மத்தியானம் நான் சும்மா விளையாட்டைத் திறந்தபோது நண்பர்கள் பட்டியலில் அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. அழைப்பு வந்தது. ஏறினேன். ஒரு வார்த்தை கிடையாது. அவன் ஓட்டினான், நான் கரி அள்ளினேன், ஓடுகிற ரயிலில் கண்ணீர் விட்டுக்கொண்டே கரி அள்ளியவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எழுத்தில் பேசலாம் அங்கே, வசதி இருக்கிறது, ஆனால் எழுதினால் அது லெட்டர் ஆகிவிடும் என்று அவன் ஒரு எழுத்துகூடத் தட்டியதில்லை. அப்படி ஒரு வைராக்கியம், அப்பா பிள்ளை. நான் சத்தியம் எதுவும் பண்ணவில்லை, நான் கூப்பிடலாம், ஒரு தடவை கூப்பிட்டேன். எடுத்தான். மூச்சு மட்டும் கேட்டது. என் தம்பியைச் சூடத்துக்கு முன்னால் பொய்யனாக்கி எனக்கென்ன ஆகப்போகிறது என்று நானே வைத்துவிட்டேன். அப்படிப்பட்டவன் போன வாரம் எழுதியிருக்கிறான். என்ன ஆகியிருக்கும். அப்பாவுக்கு நெஞ்சில் ஏதாவதா. இல்லை, கல்யாணத்துக்கு அப்புறம் ஞாயிற்றுக்கிழமை என் கையில் இல்லை அக்கா, இதோடு சரி என்று சொல்லப் போகிறானா. புதுப்பெண்டாட்டியை விட்டுவிட்டு எவன் ரயில் ஓட்டுவான். கல்யாணச் செய்தியே சித்தி சொல்லித்தான் தெரியும். சித்தி சத்தியம் பண்ணவில்லை, வாயும் கொஞ்சம் நீளம், அது நீளமாகவே இருக்கட்டும். ‘பெரியப்பா மக வடிவுக்கு நாத்தனார் சேலை எடுத்தாச்சுட்டி, மாம்பழக் கலரு’ என்றாள். மாம்பழக் கலர் வடிவுக்கு! அவளுக்குப் பாவாடை நாடாவுக்கே உருவாஞ்சுருக்கைத் தவிர வேறு முடிச்சுப் போடத் தெரியாது. என் தம்பி பெண்டாட்டி கழுத்தில் அவள் முடிச்சுப் போட்டால் அது மறுவீடு வரைக்கும் தாங்குமா. பொறாமைதான். இருக்கட்டும், பொறாமைப்பட எனக்கு உரிமை இருக்கிறது.

சரி, வேலையைப் பார். என் கணினியில் விண்டோஸ் கிடையாது. இந்தக் கிழட்டுப் பெட்டிக்குப் புது விண்டோஸ் தாங்காது என்று லினக்ஸ் போட்டவள் நானேதான், கல்லூரி ஆய்வகத்தில் ஒரு கூடம் நிறையக் கணினிகளை மேய்ப்பதுதான் என் பிழைப்பு. விண்டோஸுக்கென்று எழுதிய விளையாட்டு இதில் ஓட வேண்டுமென்றால் நடுவில் ஒரு மென்பொருள் வேண்டும். விளையாட்டு தன் பாஷையில் ஒன்று கேட்கும், நடுவில் இருப்பது அதை இந்த ஊர்ப் பாஷையில் மாற்றிச் சொல்லிக் காரியத்தை முடித்துக் கொடுக்கும். நான் அதைத் துபாஷி என்பேன். விளையாட்டு குழம்பக் கூடாதென்று விண்டோஸ் மாதிரியே ஒரு அடைவை, கோப்புகளால் ஆன ஒரு வீட்டை, ஜோடித்து அதற்குள் அதைக் குடிவைப்பதும் துபாஷிதான். தனியாக ஆடுகிற விளையாட்டுக்கு இவ்வளவு போதும். இது இணையச் சேவை வேண்டும் என்கிற விளையாட்டு. எங்கோ தூரத்தில் உட்கார்ந்திருக்கும் சேவையகம் நீ யார், எந்த வீடு, கூட யார் வந்திருக்கிறது என்று சம்பந்தி வீட்டார் மாதிரி விசாரிக்கும். போதாததற்கு, ஏமாற்றி ஆடுகிறவர்களைப் பிடிக்க ஒரு காவல் நிரல். வியாழக்கிழமை வந்தது அந்தக் காவல் நிரலின் புதுப் பதிப்புதான், அதற்கு என் துபாஷியின் உச்சரிப்பு பிடிக்கவில்லை. இணைய மன்றத்தில் எல்லோரும் இதே ஒப்பாரி. ஒருவன் எழுதியிருக்கிறான், காவல் நிரலின் கோப்பைத் தூக்கிவிட்டு அதே பெயரில் ஒரு காலிக் கோப்பை வை, நொடியில் உள்ளே போகலாம். அவனுக்குக் கீழேயே இன்னொருவன், போனேன், ஆடினேன், மறுநாள் என் கணக்கை நிரந்தரமாக முடக்கிவிட்டார்கள். அதற்கும் கீழே போலந்துக்காரி ஒருத்தி நிதானமாக எழுதியிருக்கிறாள், பழைய துபாஷியைப் போடுங்கள், ஜோடித்த அடைவை அழித்துப் புதிதாகக் கட்டுங்கள், லினக்ஸுக்கென்று காவல் நிரலுக்கே ஒரு துண்டு இருக்கிறது, அது தானாக இறங்கும்வரை கையை வைத்துக்கொண்டு சும்மா இருங்கள், எனக்கு ஓடுகிறது. கையை வைத்துக்கொண்டு சும்மா இரு என்பதுதான் உலகத்திலேயே கஷ்டமான கட்டளை.

காலிக் கோப்பு. ஒரே ஒரு கட்டளை. விரல் அங்கேயே போகிறது. இன்று ஒருநாள் உள்ளே போனால் போதாதா, நாளைக்கு முடக்கினால் முடக்கட்டும். முடக்கினால்? அவன் பட்டியலில் இருப்பது இந்தப் பெயர்தான். புதுப் பெயரில் நான் போய் நின்றால் ஊரான் எவனோ என்று நினைப்பான், நான்தான் கோமதி என்று சொல்லியனுப்ப ஒரு வழி கிடையாது, எல்லா வழியையும் அப்பா எல்லை போட்டு அடைத்திருக்கிறார். அதோடு, பொய் ஆள் நிறுத்தி உள்ளே நுழைவது எனக்கு ஒவ்வவில்லை. துபாஷி பொய் சொல்வதில்லை, மாற்றிச் சொல்கிறது, அவ்வளவே. ஆவுடையும் ஆறு வருஷமாகப் பொய் சொல்லவில்லை, ரயில் ஓட்டுகிறான். புதன்கிழமை வேண்டுமா, ஞாயிற்றுக்கிழமைகள் வேண்டுமா கோமு? இரண்டும் வேண்டும். அப்படியானால் போலந்துக்காரி வழி. பெயர் தெரியாத அந்த மகராசி நன்றாக இருக்கட்டும்.

‘இன்னுமா வரல?’ ஜெரோம் கதவில் சாய்ந்து நிற்கிறான், பூசைக்குப் போட்ட சட்டையைக்கூட மாற்றவில்லை. ‘பக்கத்து வீட்ல லேப்டாப் கேட்டுப் பாக்கவா கோமு?’ கேட்கலாம், விண்டோஸ்தான் வைத்திருக்கிறார்கள், ஆனால் விளையாட்டை முழுசாக இறக்க இந்த ஊர் இணையத்துக்குச் சாயங்காலம் ஆகிவிடும், அப்பா அதற்குள் எழுந்து காப்பி குடித்து முடித்திருப்பார். அவனுடைய அலுவலக லேப்டாப்பில் ஒரு கால்குலேட்டர் கூட அனுமதியில்லாமல் ஏறாது. ‘வேண்டாம் ஜெரோம். இதையே வர வைக்கிறேன்’ என்றேன். ‘வராட்டி நேரா கார் எடுத்துக்கிட்டு மண்டபத்துக்குப் போயிரலாம், என்ன பண்ணிருவாரு உங்கப்பா?’ என்கிறான், வீரம். ஒன்றும் பண்ண மாட்டார். என்னைப் பார்த்ததும் அம்மா முகத்தைத் திருப்ப வேண்டும், சபையில், மகன் கல்யாணத்தில். அதைத்தான் என்னால் தாங்க முடியாது. அழையாத வீட்டில் நுழைந்து அம்மாவைத் திருட்டு முழி முழிக்க வைப்பதற்கு நான் திருச்சியிலேயே கிடக்கலாம். கூடத்திலிருந்து அத்தையின் குரல், லூர்து மேரி, ஜெரோமின் அம்மா, ஜெபமாலையை உருட்டிக்கொண்டே: ‘அவளத் தொந்தரவு பண்ணாதடா. அந்தோணியாருகிட்ட சொல்லிட்டேன். தொலைஞ்சு போனதெல்லாம் கண்டுபிடிச்சுக் குடுக்குறவரு, இந்த ரயிலக் கண்டுபிடிக்க மாட்டாரா?’ அந்தோணியாருக்குக் காவல் நிரல் கட்டுப்படுமா தெரியவில்லை. கட்டுப்பட்டால் பாபநாசத்து உலகம்மை கோபித்துக்கொள்ள மாட்டாள், இரண்டு பேரும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.

அழி. அழிக்கவா என்று கேட்கிறது, ஆம். ஜோடித்த வீடு போயிற்று. இதற்குள் எங்கள் ரயில் இருந்ததா? இல்லை, அது சேவையகத்தில் இருக்கிறது, இருக்க வேண்டும், எனக்குத் தெரியும். கல்லூரியில் பிள்ளைகளிடம் சொல்வேன், நகல் எடுக்காமல் எதையும் அழிக்காதே என்று. நகல் எடுத்தேனா? எடுத்தேன். எடுத்தேனா? கோப்புறையைத் திறந்து பார், இருக்கிறது, இருக்கிறது, மூடு. பழைய துபாஷி இறங்குகிறது. நீலப் பட்டை நகர்கிறது, நிற்கிறது, யோசிக்கிறது, நகர்கிறது. அப்பா இப்படித்தான் எழுதுவார், ஒரு வரி எழுதிவிட்டுப் பேனாவைத் தூக்கிப்பிடித்து யோசிப்பார், அப்புறம் அடுத்த வரி. எதிரே தரையில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருப்பேன். ‘கிழக்கு எல்லை சொல்லுட்டி’ என்பார், நான் யோசிக்காமல் ‘வாய்க்கால்’ என்பேன், எல்லாப் பத்திரத்துக்கும் எனக்குக் கிழக்கே வாய்க்கால்தான், அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எங்கே போயிற்று. அதே வாயால்தானே சத்தியம் வாங்கினார். எனக்கு அவர்மேல் கோபம். ஆறு வருஷமாகக் குறையாத கோபம், அவர் குறட்டையை நம்பி வாரா வாரம் தம்பியைப் பார்க்கிறேனே என்று என்மேலும் கோபம். ஒருவேளை இன்று அவருக்குத் தூக்கம் வராவிட்டால்? கல்யாண வீடு, ஆள் வருவார்கள், பந்தக்கால் நட்டிருப்பார்கள், மாவிடிக்க வந்தவர்கள் மாடியெல்லாம் படுத்திருப்பார்கள், ஆவுடை எங்கே போய்க் கணினியைத் திறப்பான். இதை நான் நினைக்கவேயில்லையே. இல்லை, வருவான். அவன்தானே வா என்றான். அழைத்தவன் வருவான். நீ உன் பக்கத்து வேலையை முடி கோமதி, அவன் பக்கத்தை அவன் பார்த்துக்கொள்வான். பட்டை நகர்ந்துவிட்டது. புது வீடு எழும்புகிறது, சன்னல் சன்னலாகத் திறந்து மூடுகிறது, எழுத்துருக்கள், ஒலி, என்னென்னவோ. காவல் நிரலின் துண்டு இறங்குகிறது. தொடாதே. கையை எடு. எதையும் தொடாதே.

வெள்ளை. இல்லை, இரு, வெள்ளைக்குள்ளே ஏதோ சுற்றுகிறது, ஒரு சாம்பல் வட்டம், சுற்றிக்கொண்டே இருக்கிறது, சுற்றட்டும், சுற்றினால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். பெயர் கேட்கிறது! தட்டினேன். கடவுச்சொல். அவசரத்தில் தப்பாக அடித்தேன், மறுபடி. புதிய கணினியிலிருந்து யாரோ உள்நுழைகிறார்கள், அது நீங்கள்தானா என்கிறது. நான்தான். பழைய கணினிதான், புது வீடு, அதே ஆள். மின்னஞ்சலுக்கு எண் வந்தது, எண்ணைப் போட்டேன். காவல் நிரலின் சின்னம் திரையின் நடுவில் வந்து நிற்கிறது, நிற்கிறது, என்னை மேலும் கீழும் பார்க்கிறது, பார் அம்மா, நன்றாகப் பார், நான் ஒளிக்க ஒன்றுமில்லை. போய்விட்டது. பனி. பனி பெய்கிறது! ‘ஜெரோம், வந்துருச்சு’ என்று கத்திவிட்டேன், கூடத்தில் அத்தை ‘அந்தோணியாரே’ என்கிறாள். பட்டியலில் அவன் பெயர், பச்சைப் புள்ளி. அழைப்பு வந்து கிடக்கிறது, எத்தனை நேரமாகக் கிடக்கிறதோ. ஏறினேன்.

எஞ்சினில் அவன் நிற்கிறான், சிவப்புத் தொப்பி. ரயில் நகரவில்லை. நான் கரி அள்ளிப் போட்டேன், அடுப்பு எரிகிறது, நகரவில்லை. தொப்பிக்காரன் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறான், ரெண்டு அடி பின்னால் வருகிறான், கதவில் இடிக்கிறான், மறுபடி சுவர். ஆவுடை இப்படி ஓட்டமாட்டானே. காதுக்கருவியில் கரகரவென்று ஒரு சத்தம், யாரோ மைக்கை வாய்க்கு மிக அருகில் பிடித்திருக்கிறார்கள். இந்த ரயிலில் இதுவரை குரல் வந்ததில்லை. ‘இதுலயால பேசணும்? இதுவா?’ என்றது குரல். என் அம்மா.

‘ஏட்டி கோமு. கேக்குதாட்டி? அந்தக் கறுப்புச் சட்டை போட்டு நிக்கது நீதானா? தாடி வச்சிருக்கு?’ கரிக்காரனுக்கு எப்போதும் தாடிதான், நான் மாற்றியதில்லை. அம்மா என்றேன், அம்மா அம்மா என்றேன், அவளுக்குக் கேட்கவில்லை. எனக்கு வரும் ஒலியைத் துபாஷி மாற்றித் தருகிறது, என் குரல் அந்தப் பக்கம் போகாது, இத்தனை வருஷம் பேச்சே இல்லாததால் நானும் அதைச் சரிசெய்யவில்லை. ‘பேச மாட்டேங்கா. இன்னும் கோவம் போல’ என்கிறாள் அம்மா, குரல் இறங்கிவிட்டது. நான் எழுத்துப் பெட்டியைத் திறந்து தட்டினேன், மைக் வேலை செய்யலம்மா, பேசு, பேசு, பேசு. தூரத்திலிருந்து ஆவுடையின் குரல் அதை வாசித்துக் காட்டுகிறது. என்னிடம் அவன் பேசவில்லை, அம்மாவிடம்தான் பேசுகிறான், சட்டப்படி.

‘செரி, அப்பம் கேட்டுக்கோ. உங்கப்பா எந்திரிக்கதுக்குள்ள சொல்லிருதேன். இவன் ரயில் ஓட்டுத விஷயம் எனக்குப் போன மாசந்தான் தெரியும். இது போனும் இல்ல, லெட்டரும் இல்ல, உன் மூஞ்சியும் இதுல இல்ல, தாடிதான் இருக்கு. அதனால நான் பேசுதேன். வடிவுக்குச் சேலை எடுத்தது எடுத்ததுதான், அவ கட்டிக்கிட்டுச் சுத்தட்டும். முடிச்சு நீதான் போடணும். புதன்கிழமை காலையில மாப்பிள்ளையையும் கூட்டிக்கிட்டு வா. இவன் மொத முடிச்சுப் போடுத வரைக்கும் நான் பாப்பேன். ஒத்த மகன் கல்யாணம், அதையாவது பாத்துக்கிடுதேன். போட்டு முடிச்சதும் கண்ணை மூடிக்கிடுவேன். மிச்சம் ரெண்டும் நீ போடு. நிதானமாப் போடு, பதறாத, எத்தனை நேரம் ஆனாலும் நான் மூடிக்கிட்டுதான் நிப்பேன். போட்டுட்டு என் பக்கத்துல வந்து நில்லு. கையைப் பிடிச்சுக்கோ. கையைப் பிடிக்கக் கூடாதுன்னு சத்தியத்துல அவிய சொல்லல.’

என் கண்ணுக்குத் திரை தெரியவில்லை. தடவித் தடவித் தட்டினேன், அப்பா? ஆவுடை வாசித்தான்.

பின்னால் எங்கோ பாத்திரம் உருட்டுகிற சத்தம், கல்யாண வீட்டுச் சத்தம். அம்மா மைக்கை இன்னும் கிட்டப் பிடித்துக்கொண்டாள்.

‘அவிய சத்தியம் வாங்குனாவ. அவிய பண்ணலல்லா’ என்றாள். ‘அவிய கண்ணைத் தொறந்துக்கிட்டு நல்லாப் பாக்கட்டும்.’